காத்து அடைப்பு

“உள்ளே அடைச்சிருக்குன்னு உன்னைக் கூப்பிட்டா, நீ கொல்லையில போய் என்னப்பா நோண்டிக்கிட்டிருக்கே?”

மதுரம் டீச்சர் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கையில் ஸ்பேனரோடு நிமிர்ந்தான் பிளம்பர் ஜெக்கரியா. “இதையும் சரி பண்ணணும் டீச்சர்.”

மதுரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை பெங்களூரிலிருந்து மகன் விஸ்வா குடும்பத்தோடு வருகிறான். இந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் இருந்த வெஸ்டர்ன் டாய்லெட் மக்கர் பண்ணியது. ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் இறங்காமல் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது. திருக்காட்டுப்பள்ளி கடைத்தெரு முழுக்க விசாரித்து இவனைப் பிடித்தாள்.

வந்தவன் வேலையென்னவோ சுத்தமாகத்தான் செய்தான். சுவரோரம் இருந்த கழிவுநீர்ச் சேம்பர் மூடியைத் திறந்து, நீளமான ஸ்பிரிங் கம்பியை விட்டுக் குடைந்தான். கால் மணி நேரத்தில் கொத்தாக ஏதோ வெளியே வந்தது.

“முகம் துடைக்கிற வைப்ஸ், டீச்சர். இது கரையாது. இனிமே உள்ளே போடாதீங்க.”

போட்டது மதுரம்தான். அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணிப் பார்த்தாள். மளமளவென்று இறங்கியது.

அந்தச் சந்தோஷத்தில் காபி கொடுத்து, அவளேதான் பேச்சையும் வளர்த்தாள்.

“நீயாவது சொன்ன நேரத்துக்கு வந்தே. எங்க வீட்டுல வேலை செய்யிற வேம்பு இருக்காளே, பதினோரு வருஷமா வர்றா. இப்போ கொஞ்ச மாசமா பத்து மணியானா வீட்டுக்கு ஓடிடறா. குடமுருட்டிப் பாலம் தாண்டிப் போய்த் திரும்பி வர முக்கால் மணி நேரம். எதுக்குடின்னு கேட்டா, ‘சும்மாதாம்மா’ங்கறா. கொழுப்புதானே?”

ஜெக்கரியா காபியைக் குடித்து முடித்தான். டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனவன்தான். கதவு சாய்ந்து கிடந்த பழைய கக்கூஸுக்குள் நுழைந்துவிட்டான்.

“அதை யாருமே உபயோகிக்கிறதில்லையேப்பா! ஐப்பசி மழையில கதவு பேந்து, குழாய் உடைஞ்சு, அப்படியே கிடக்கு.”

“அதான் டீச்சர் கோளாறே. புழங்காம கிடந்து காத்து அடைச்சிருக்கு. அந்தக் காத்து உள்ளே போற லைனைத் தள்ளும். நாளைக்கே மறுபடி ஏறி நிக்கும்.”

நாளைக்கே! மருமகள் ப்ரியம்வதா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது கண்முன் வந்து போனது.

“சரி, பண்ணித் தொலை!”

அவன் உடைந்த குழாயை மாற்றினான். பேசின் அடைப்பை எடுத்தான். அதோடு விட்டானா? கதவைத் தூக்கி நிறுத்திக் கீல் அடித்தான். அப்புறம் உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள்.

“காத்து அடைப்புக்குத் தாழ்ப்பாள் எதுக்குப்பா?”

“கதவு ஆடினா குழாயும் ஆடும் டீச்சர்.”

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் எத்தனை பொய்களைப் பிடித்தவள்! இவன் கயிறு திரிக்கிறான் என்று உள்மனசு அடித்துச் சொன்னது. ஆனால் குழாய் விஷயம் அவளுக்கு என்ன தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“தினமும் நாலு தடவையாவது இது புழங்கணும் டீச்சர். வெறும் தண்ணி ஊத்தினா மட்டும் பத்தாது.”

“யாருப்பா புழங்குறது? நானா?”

அவன் தோளைக் குலுக்கினான்.

“வேம்பு! இங்கே வா. இனிமே தினமும் நீ இதைக் கட்டாயம் உபயோகிக்கணும். மறந்துட்டேன் கிறந்துட்டேன்னு வந்து நின்னே, தெரியும் சேதி!”

“சரிங்கம்மா” என்றாள் வேம்பு.

உள்ளே வந்தும் மதுரத்துக்கு ஆறவில்லை. விவரம் தெரியாத பொம்பளை என்று நினைத்துத் தலையில் மிளகாய் அரைக்கிறான். இவனை இனிமேல் இந்தத் தெருவுக்குள்ளேயே விடக் கூடாது. முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.

சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போனவள், கதவருகே பேச்சுக் குரல் கேட்டு நின்றாள்.

“தம்பி, நெசமாவே இதனாலதான் உள்ளே அடைச்சுதா?” வேம்புதான் கேட்டாள்.

“இல்லக்கா. ரெண்டும் வேற வேற லைன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இனிமே இங்கேயே போய்க்குங்க. டீச்சர்கிட்ட சொல்லிறாதீங்க.”

வேம்பு தணிந்த குரலில் சொன்னாள்: “நீர்க்கடுப்புக்கு மாத்திரை குடுத்த டாக்டரம்மா, நிறையத் தண்ணி குடின்னாங்க. குடிச்சா எங்கே தம்பி போறது? அதான் குடிக்கிறதே இல்ல.”

‘மாட்டினியா!’ என்று கத்துவதற்காகத் திறந்த மதுரத்தின் வாய் அப்படியே நின்றது.

வேம்பு வீட்டுக்கு ஓட ஆரம்பித்தது அந்த ஐப்பசி மழைக்கு அப்புறம்தான். ஏழு மாதம். யாருமே உபயோகிப்பதில்லை என்று சற்று முன்னால் மதுரம் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! இவ்வளவு நேரம் அவன்மேல் மூண்டிருந்த ஆத்திரம், போக வேறு இடம் தெரியாமல் தன் மேலேயே திரும்பியது.

சத்தமில்லாமல் கூடத்துக்குத் திரும்பி வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே அதட்டலோடு குரல் கொடுத்தாள்:

“ஏம்ப்பா ஜெக்கரியா! அங்கே ஒரு பல்பும் மாட்டிடு. இருட்டா இருந்தாலும் காத்து அடைச்சுக்கும்!”