புது சாஃப்ட்வேர் மேல் ஒரு புகார்

"என்னங்க சாஃப்ட்வேர் இது? ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது!"

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டம் போடும் இளமதி, சாஃப்ட்வேர் கம்பெனிக்கார ஜஸ்டினிடம் போனில் எரிந்து விழுந்தாள். மணமேல்குடி சொர்ணவல்லியின் நெஞ்சுக்குள் இருக்கும் கட்டியைச் சுற்றி, கதிர் பாய வேண்டிய இடத்தைக் காட்டும் கோட்டைத் திரையில் வரைய வேண்டும். புது ஸ்கேனில் கட்டியே தெரியவில்லை.

"பெரிசாக்கிப் பாருங்க மேடம்."

"பாத்தாச்சு."

"வெளிச்சத்தக் கூட்டுங்க."

"கூட்டியாச்சு! பழைய ஸ்கேனுல எலுமிச்சங்காயாட்டம் இருந்துச்சு. ஒங்க சாஃப்ட்வேர் முழுங்கிருச்சு!"

சத்தம் கேட்டு வந்த டாக்டர் ஆவுடையப்பன் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"சாஃப்ட்வேர் சரியாத்தான் காட்டுதும்மா. முன்னால போட்ட ஊசி மருந்துலயே கட்டி கரைஞ்சிருச்சு."

இளமதி துள்ளி எழுந்தாள்.

"மேடம், கம்ப்ளைன்ட்ட என்னன்னு எழுதட்டும்?" என்றான் ஜஸ்டின்.

"கட்டியக் காணோம்னு எழுதிக்கங்க!" என்று கத்திக்கொண்டே, வெளியே காத்திருந்த சொர்ணவல்லியிடம் ஓடினாள்.