ஈர ரோமம்

மேய்ப்பர் வெளியூர் போகும்போது மந்தையைக் கொம்பன் கடாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்த வருஷம் மழை பொய்த்தது. அடிவாரத்தில் ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது.

காலொடிந்த செவலை ஆட்டால் அதுவரை நடக்க முடியவில்லை. தாயில்லாத இரண்டு குட்டிகளோடு பாறை நிழலில் கிடந்தாள். கிழட்டு ஆடான கருப்பி மட்டும் அவர்களைத் தேடி வந்தாள். குட்டையில் புரண்ட அவள் ரோமத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சப்பிக் குடிங்க" என்று பக்கத்தில் படுத்தாள்.

"கொம்பண்ணன் வரலையாக்கா?" என்று செவலை கேட்டாள்.

"தலைவன் தெம்பா இருக்கணுமாம், தண்ணியை விட்டு ஏற மாட்டேங்கிறான். நடக்க முடியாதவங்களை ஆண்டவர் பார்த்துக்குவாராம்."

கருப்பி அந்த வெயிலில் தினமும் நடந்து வந்தாள். ஏழாம் நாள் வந்து படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை.

"கருப்பியோட ஆத்துமாவுக்காக ஜெபிப்போம்" என்று அவள் திரும்பாததைக் கண்ட கொம்பனின் குரல் குட்டைக்குள்ளிருந்து கணீரென்று கேட்டது. மந்தை தலைகுனிந்தது.

செவலை குனியவில்லை. கருப்பியின் ரோமத்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. அவளுக்குத் தொண்டை வறண்டு எரிந்தது.

"நீங்க குடிங்கம்மா" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு, செவலை அவர்களுக்கு இடம்விட்டு நகர்ந்து வெயிலில் படுத்துக்கொண்டாள்.