அசைந்தால் பறந்துவிடும்

அறிவியல் மையத்தின் பூச்சிகள் அரங்கில் திரைகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. எறும்புப் புற்று இருண்டுவிட்டது. பொத்தானை அழுத்தினால் கத்தும் சிள்வண்டும் வாயை மூடிக்கொண்டது. கடைசி மூலையில் மட்டும், மேலிருந்து விழும் வெளிச்சம் வரைந்த நீலப் பட்டாம்பூச்சி ஒன்று அப்பாவின் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது. கை துளி அசைந்தாலும் மேலிருக்கும் கேமரா கண்டுபிடித்து அதைப் பறக்கவிட்டுவிடும். சட்டைப்பையில் போன் அதிர்கிறது. வாரத்தில் ஒருநாள் மட்டும் மகளை இவரோடு அனுப்பும் அவள் அம்மா, கூட்டிப்போக வாசலுக்கு வந்துவிட்டாள். "சார், மூடற நேரமாச்சு" என்கிறார் காவலாளி. "போன எடுக்காதீங்கப்பா, அசைஞ்சா போயிடும்" என்கிறாள் மகள். ஓரிடத்தில் கால் தரிக்காதவள், அவர் கைக்கு அடியில் தன் கையை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.