கடற்கரை வீட்டுச் சாவி

தங்கை தன் கடற்கரை ஃபிளாட்டை விடுமுறைக்குக் கொடுத்திருந்தாள். “உள்ள ஒரு சர்ப்ரைஸ் இருக்குண்ணா” என்றுதான் சாவியைத் தந்தாள்.

திறந்தால், சோபாவில் ஒரு தடியன் இடுப்பில் துண்டோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“யார்றா நீ?”

“அதை நான் கேக்கணும்டா, திருட்டு நாயே!”

ரிமோட் பறந்து வந்து என் நெற்றியைப் பிளந்தது. நான் அடுப்பிலிருந்த இரும்பு வாணலியை எடுத்து அவன் தோளில் இறக்கினேன். ஏதோ முறிந்தது, அது வாணலியின் பிடி அல்ல. அவன் என் குரல்வளையைப் பிடித்துக் கண்ணாடி மேஜைமேல் அறைந்தான். மேஜை நொறுங்கியது. ரத்தத்தில் கட்டிப் புரண்டோம். கடைசியாக அவன் வாயில் குத்தினேன்.

கதவு திறந்தது. தங்கையும் அவள் கணவனும் கேக் பெட்டியோடு நின்றார்கள்.

“ஐயோ, அண்ணா!” தங்கை என்னிடம் ஓடி வந்தாள்.

“ஐயோ, அண்ணா!” அவள் கணவன் அந்தத் தடியனிடம் ஓடினான்.

“நாங்க ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணதுல ரெண்டு குடும்பமும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல. ஒரே வீட்ல தங்கினா பழகிடுவீங்கன்னு ஆளுக்கொரு சாவி கொடுத்தோமே!” என்று அழுதாள் தங்கை.

தடியன் உடைந்த பல்லைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

“வாங்க சம்பந்தி” என்றான்.