முதல் கறை

பூங்கோதை உடற்பயிற்சி செய்ய வாங்கிவந்த பிலாட்டீஸ் மேட் விரிப்புக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. "இன்னிக்குத்தான் ஆரம்பம்! அவங்க முதுகு என் மேல படப்போகுது!" என்று சுருண்டிருந்தபடியே துள்ளியது.

பூங்கோதை அதை விரித்து, சூடம் காட்டிக் கும்பிட்டாள். பிறகு, "புதுசு, அழுக்காயிடும்" என்று சொல்லி மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டுவிட்டாள்.

மேட்டுக்கு மூச்சு முட்டியது. "அக்கா, கொஞ்சம் நகருங்களேன்!"

"சும்மா கிட தம்பி. நான் இருக்கிறதாலதான் நீ புத்தம்புதுசா இருக்கே" என்றது போர்வை.

பூங்கோதை மல்லாந்து படுத்து, வயிற்றை இறுக்கி, இரண்டு காலையும் தூக்கினாள். போர்வை வழுக்கியது. அவள் உருண்டுபோய்ச் சுவரில் முட்டினாள்.

எழுந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போர்வையை உருவி நாற்காலியில் எறிந்துவிட்டு மறுபடி படுத்தாள். இந்தத் தடவை மேட் அவளை இறுகப் பிடித்துக்கொண்டது. தூக்கிய கால்கள் வெடவெடவென்று நடுங்கின, ஆனால் இறங்கவில்லை. அவள் பிடரியிலிருந்து வழிந்த வியர்வை மேட்டில் பரவியது.

"ஐயையோ, கறை பட்டுடுச்சே!" என்று நாற்காலியிலிருந்து அலறியது போர்வை.

"ஆமாக்கா!" என்று கூவியது மேட். "நான் ஆரம்பிச்சிட்டேன்!"