காலாண்டுக் கைதட்டல்

பலமுறை விண்ணுக்குப் போய்த் திரும்பிய சின்ன ராக்கெட்டுக்கு உடம்பெல்லாம் கரி. பக்கத்தில், இன்னும் ஒருமுறைகூடப் பறக்காத பெரிய ராக்கெட் பெயின்ட் வாசனையோடு பளபளவென்று நின்றது.

கொட்டகை ஒலிபெருக்கியில் முதலாளி காலாண்டு முடிவுகளை வாசித்தார். வருமானம் கூடியிருந்தது, அத்தனையும் சின்னது சுமந்து சம்பாதித்தது. தன் பேர் வருமென்று அது காத்திருந்தது. வரவேயில்லை. பெரியதன் பேரைச் சொன்னதுமே பங்கு விலை ஏறியது.

"கேட்டியா பொடியா? நீ பறந்து பறந்து கரியாயிட்டே. நான் நின்ன இடத்துலயே விலையை ஏத்திட்டேன்!" என்றது பெரியது.



"அந்தப் பெரிய ராக்கெட் அடுத்த காலாண்டிலேயே பறக்கும்!" என்றார் முதலாளி. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அப்புறம் பெரியது மெல்லக் கேட்டது: "அண்ணே... கிளம்பறப்போ ரொம்பச் சுடுமா?"

சிரிப்பு வாய்வரை வந்தது. சின்னது அதை விழுங்கிக்கொண்டது.

"முதல் தடவை எனக்கும் நடுங்கிச்சுடா தம்பி."