ஆறு புது போல்ட்டுகள்

அறுபத்தோராயிரத்து நானூறு. என் மனைவியின் ஆபரேஷனுக்காக அக்கா புருஷனிடம் வாங்கி, மூன்று வருடமாக நான் திருப்பித் தராத பணம்.

இன்று சாயங்காலத்தோடு அந்தக் கணக்கை முடித்துவிடலாம் என்று மச்சான் சொல்லியிருந்தார். என் வீட்டு வாசலில் அவருடைய எஸ்யூவி நிற்கிறது. அதற்கு அடியில் நான் மல்லாந்து கிடக்கிறேன்.

என் மார்பின் மேல் இழுவைக் கொக்கி. வண்டிக்குப் பின்னால் எதையாவது மாட்டி இழுத்துப் போவதற்கான இரும்பு. பழைய இரும்புக் கடையில் பாதி விலைக்கு எடுத்து வந்திருக்கிறார். ஒர்க் ஷாப்பில் மாட்டினால் கூலி கேட்பார்கள். நான் கேட்க மாட்டேன்.

"கடன் வாங்கினவன் காலடியில கிடப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ என்னடான்னா வண்டியடியில கிடக்கிற மாப்ள!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பும் வட்டியில் சேர்த்திதான்.

கொக்கியோடு ஆறு பழைய போல்ட்டும் கொடுத்தார்களாம். காகிதப் பொட்டலமாக நீட்டினார். ஒன்றின் மரையை நகத்தால் சுரண்டினேன். துரு செதில்செதிலாக உதிர்ந்தது.

வேண்டாம் என்றேன். அதுவே போதும் என்றார் அவர்.

எழுந்து தெருமுனைக் கடைக்கு நடந்தேன். இருப்பதிலேயே கெட்டியான ரகமாக ஆறு போல்ட், ஆறு நட், வாஷர், எல்லாம் என் காசில் வாங்கி வந்தேன். மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"என் வண்டி மேல என்னை விட உனக்குல்ல பாசம் பொங்குது!"

நான் மறுபடி வண்டிக்கு அடியில் நகர்ந்தேன்.

சைலன்ஸரைக் கழற்றித் தொங்கவிட்டேன். கொக்கியின் ஒரு முனையை ஜாக்கியில் ஏற்றி, மறுமுனையை முழங்காலால் முட்டுக் கொடுத்தேன். வண்டியின் அடிச்சட்டம் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும். உள்ளே கையை நுழைத்துப் போல்ட்டை வைக்க வழியில்லை. மெல்லிய கம்பியைக் கீழ் ஓட்டையில் நுழைத்து, பக்கத்துப் பெரிய ஓட்டை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதன் முனையைப் போல்ட்டின் மரையில் சுற்றி, உள்ளே விட்டு, மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். தூண்டிலில் மீன் வருகிற மாதிரி வரும். அவசரப்பட்டால் வராது.

ஐந்தாவது போல்ட் கம்பியிலிருந்து நழுவிச் சட்டத்துக்குள் விழுந்துவிட்டது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் குச்சியில் கட்டித் துழாவினேன். கண்ணில் மண் விழுந்தபடியே இருந்தது.

மேலே மச்சான் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"கூலியா? அட, நம்ம வீட்டு ஆளுதாங்க."

போல்ட் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி, கால் இரண்டையும் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இறுக்கினேன். ஆறையும் இறுக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கினேன். தோள்பட்டையில் ஏதோ பிடித்துக்கொண்டது. போதும் வா என்று மச்சான் பம்பரைத் தட்டினார். மூன்றாவது முறையும் இறுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

"தங்கச்சி எங்க, ஒரு வாய் தண்ணிகூடக் கிடையாதா?"

என் மனைவி வெளியே வரவில்லை. நான்தான் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன்.

குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பி, வீட்டுப் பக்கத்துச் சந்தில் பின்பக்கமாகவே ஓட்டினார். வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம், போதும் என்று நான் கையசைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயை உருவினேன்.

என் கலவை மெஷின். எட்டு வருடம் தலையில் சாந்துச் சட்டி சுமந்து வாங்கியது. ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாவற்றையும் விழுங்கிச் சுற்றிக் குழைத்துக் கொடுக்கும். இது வந்த பிறகுதான் கட்டட வேலைக்காரர்கள் என்னை "ஏய்" என்பதை விட்டுவிட்டு "மேஸ்திரி" என்றார்கள்.

இரண்டே சக்கரத்தில் நிற்கிற முந்நூறு கிலோ. வழியில் கொக்கி கழன்றால் மெஷின்தான் பள்ளத்தில் போய் விழும். அவர் வண்டிக்கு ஒரு கீறல்கூட விழாது.

அதன் இழுகம்பியைத் தூக்கிக் கொக்கியில் உட்கார வைத்தேன். பூட்டுப் பின்னைச் சொருகிச் சங்கிலி போட்டேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும்வரை வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினுக்கு ஈடாக அறுபத்தோராயிரத்து நானூறும் தீர்ந்தது, இனி ஒருவருக்கொருவர் பாக்கியில்லை என்று எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து. மெஷின் அதற்கு மேலேயே பெறும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.

வண்டி சந்திலிருந்து தெருவில் ஏறியது. சற்றுத் தூரம் போய் நின்றது. மச்சான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"காலையில ஏழு மணிக்கு வந்துடு மாப்ள. புதுசா ஒரு கட்டட வேலை எடுத்திருக்கேன். இந்த மெஷினை ஓட்ட உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

நான் வண்டி வரை நடந்து போனேன். பிறகு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டேன்.